கல்ஃபுக்கு வீட்டு வேலைக்குப் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் மாத்திரையின் பெயரைப் படித்துக்கொள்ளுங்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் பல வருஷமாக நிற்கிறேன். திருவனந்தபுரத்தில் ஃபிளைட் ஏற இரண்டே நாள் இருக்கும்போதுதான் அக்காமார் வருவார்கள். "அந்த ரோஸ் கலர் மாத்திரை, ஒரு வருஷத்துக்கு எடுத்து வை பிள்ளே." எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "பிரஷருக்கோ கொழுப்புக்கோ, டாக்டர் தந்தாரு" என்பார்கள். இங்கே பரவாயில்லை, முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவேன். ரியாத்தில் போய் ரோஸ் கலர் என்றால் யாருக்குப் புரியும்? அங்கே அதே மருந்து வெள்ளையாக, வேறு அட்டையில், வேறு பெயரில் இருக்கும்.

அதனால் முதல் வேலை ஒரு தாள். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது வேண்டாம். அதன் கீழேயோ பின்பக்கமோ பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மைப் பெயர்: மெட்ஃபார்மின், அம்லோடிபின், லீவோதைராக்ஸின் என்று. அதை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் எழுதி, பக்கத்தில் அளவையும் எழுதுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும், அது மைக்ரோகிராம் கணக்கு. 50 மைக்ரோகிராம் என்பதை 50 மில்லிகிராம் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு ஆகிவிடும்.

அதே தாளில் இரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது (பென்சிலின், சல்ஃபா என்று தெரிந்தால் கண்டிப்பாக), சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எந்த வருஷம், கருத்தடைக்குக் கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர் டி போட்டிருந்தால் போட்ட தேதி. காப்பர் டி விஷயத்தைப் பாதிப் பேர் மறந்தே போகிறார்கள். அப்புறம் அங்கே அடிவயிற்று வலி என்று போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

இனி எதை எடுத்துப் போகக்கூடாது. இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் எரிச்சலுக்கு ஒரு கேப்சூல் தருவார்கள், எல்லாரும் அதை "நரம்புச் சத்து மாத்திரை" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெத்தில்கோபாலமின் மட்டும் என்றால் அது வைட்டமின். கூடவே பிரிகபாலின் என்று இருந்தால், கல்ஃபில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ட்ராமடால் உள்ள வலி மாத்திரை, கோடீன் உள்ள இருமல் சிரப், தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம் எல்லாம் அதே வகைதான். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசிடம் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்காக இன்றைக்கே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிரிகபாலினையும் தூக்க மாத்திரையையும் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் சொன்னால் மெல்லக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

அப்புறம் நம்ம ஊர் வைத்தியச் சாமான்கள். தசமூலாரிஷ்டம் இல்லாமல் பிள்ளை பெற்ற வீடு உண்டா இங்கே? ஆனால் அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளித்து உருவாகும் மருந்து, இயல்பாகவே அதில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், சவூதியிலும் குவைத்திலும் மது தடை. பேர் ஒட்டாத சூரணப் பொட்டலம், லேகிய டப்பா இதையெல்லாம் ஏர்போர்ட்டில் யாருக்கும் விளக்கிப் புரியவைக்க முடியாது. கசகசா! குருமாவுக்கு என்று ஒரு பொட்டலம் சும்மா மசாலாவோடு போட்டுவிடுவார்கள். அது அபின் செடியின் விதை, சவூதியிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் கணக்கில் சேரும். மாமியாருக்கு வெற்றிலை, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மருந்துப் பார்சல் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கொண்டுபோகும் மாத்திரை அட்டையோடு இருக்கட்டும், உரித்து டப்பாவில் கொட்ட வேண்டாம். டாக்டர் சீட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர் இருக்க வேண்டும். ஒரு வருஷ மாத்திரையை மூட்டை கட்டினால் விற்கக் கொண்டுவந்ததாக நினைப்பார்கள், இரண்டு மூன்று மாதத்துக்குப் போதும். தாளில் உண்மைப் பெயர் இருந்தால் மிச்சத்தை அங்கே கேட்டு வாங்கலாம்.

விசாவுக்காக இங்கேயே எடுக்கும் கல்ஃப் மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, கர்ப்பப் பரிசோதனை எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அது அந்த நாட்டுக்குத் தேவையானதைப் பார்க்கும் பரிசோதனை, உங்களுக்குத் தேவையானது எல்லாம் அதில் பார்த்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். "மெடிக்கல் ஃபிட், எனக்கு ஒரு நோயும் இல்லை" என்று கிளம்பி, அங்கே போய் இரத்த அழுத்தம் 180 என்று தெரிந்தவர் எங்கள் தெருவிலேயே உண்டு. இசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக எமிகிரேஷன் அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்) வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். 30 வயது ஆனவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர், மார்பு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒரு காலை நேரம் போதும். ஏதாவது சந்தேகம் என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தருவார்கள், பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு. அங்கே காய்ச்சல், தலைவலி எதற்கும் பனடால் என்பார்கள். அது பாராசிட்டமால்தான், நீங்கள் இங்கிருந்து கொண்டுபோன டோலோவும் அதேதான். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டால் ஈரல் கெடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் எல்லை, 500 மில்லிகிராம் என்றால் எட்டு மாத்திரை, அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அட்டையில் அரபி எண் மட்டும் இருந்தால் மூன்றை மட்டும் மனசில் வையுங்கள். அவர்களுடைய ஐந்து நம்ம பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு, நம்ம 7 மாதிரி. ஐந்து மில்லி சிரப்பைப் பூஜ்யம் என்று படித்துவிட்டுக் குழம்பாதீர்கள். "கப்ல் அல் அக்ல்" என்றால் சாப்பாட்டுக்கு முன், "பஅத் அல் அக்ல்" என்றால் சாப்பாட்டுக்குப் பின். வலிக்கு வஜா, தலைக்கு ராஸ், வயிற்றுக்கு பத்ன், நெஞ்சுக்கு சதர், அலர்ஜிக்கு ஹஸ்ஸாஸியா. ஹாமில் என்றால் கர்ப்பிணி. எக்ஸ்ரே எடுக்கும் முன் அந்த வார்த்தை காதில் விழுந்தால் தலையாட்டிவிடாமல் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

வேலையில் பெரிய ஆபத்து பாத்ரூம் கழுவுவதில் இருக்கிறது. க்ளோரக்ஸ் என்ற பிளீச்சையும் ஆசிட் உள்ள டாய்லெட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். நன்றாகப் பளிச்சென்று வரும் என்று முதலாளியம்மா சொன்னாலும் கலக்காதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள், இருமல் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, வேலை நடுவில் பாத்ரூம் போக வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. நீர்க்கடுப்போடு காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தால் அது சிறுநீரகம் வரை போயிருக்கலாம், பார்லித் தண்ணீரில் நிற்காது.

விசிட் விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம். முறையாக எமிகிரேஷன் அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதீய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் உண்டு, இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் இறப்பு, நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். விசிட் விசாக்காரர்களுக்கு அதுவும் இல்லை, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகவே பயப்படுவார்கள். அமீரகத்தில் 2022 சட்டப்படி வீட்டுப் பணியாளருக்கு வருஷத்தில் 30 நாள் மருத்துவ விடுப்பு உண்டு, முதல் 15 நாள் சம்பளத்தோடு, டாக்டர் சான்று வேண்டும். ஆம்புலன்ஸ் நம்பரையும் தாளில் எழுதுங்கள்: சவூதி 997, அமீரகம் 998, குவைத் 112, ஓமன் 9999, கத்தாரும் பஹ்ரைனும் 999.

தாளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ஜெராக்ஸ் பாஸ்போர்ட்டோடு, இன்னொன்று வீட்டில் மூத்த பிள்ளையிடம். போன் உங்கள் கையில் இல்லாத வீடுகளும் உண்டு. யாருடைய போனிலிருந்தாவது நடுராத்திரி கூப்பிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடும்.