வேகா நட்சத்திரம் வரை போய்வந்தால் எத்தனை வயது கூடும்? கால்குலேட்டரே போதும்

ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்தால் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது பலருக்கும் தெரியும், எவ்வளவு மெதுவாக என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். ஐன்ஸ்டைன் 1905-லேயே சொல்லிவைத்த கணக்கு இது, செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். வர்க்கமூலப் பொத்தான் கண்ணில் படவில்லை என்றால் போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும்.

முதலில் விண்கலத்தின் வேகத்தை ஒளிவேகத்தின் பங்காக எழுதிக்கொள்ளுங்கள். 99 சதவீதம் என்றால் 0.99. அதை அதாலேயே பெருக்கினால் 0.9801, ஒன்றிலிருந்து கழித்தால் 0.0199, அதன் வர்க்கமூலம் 0.141. அவ்வளவுதான். பூமியில் கழியும் நேரத்தை இந்த எண்ணால் பெருக்கினால் கலத்தில் கழியும் நேரம் வரும்: பூமியில் ஓராண்டு கழியும்போது கலத்துக்குள் 51 நாள் சொச்சம்தான் கழிந்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு எதுவும் மெதுவாகத் தெரியாது, காபி ஆற அதே நேரம்தான் ஆகும்.

பாதி வேகத்தில் போனால் நேரமும் பாதியாகும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 0.5 போட்டுப் பாருங்கள், 0.866 வரும். அதாவது நொடிக்கு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் பறந்தும் ஓராண்டில் 49 நாள்தான் குறைகிறது! லாபமெல்லாம் கடைசி ஓரத்தில்தான் இருக்கிறது: 0.999 என்றால் ஓராண்டு 16 நாளாகும், 0.9999 என்றால் 5 நாளாகும்.

சரி, வேகா நட்சத்திரத்துக்குப் போவோம். தூரம் சுமார் 25 ஒளியாண்டு, அதாவது ஒளிக்கே 25 ஆண்டு பிடிக்கும் தூரம். இங்கே ஒரு தவறு நடக்கும்: 25-ஐ நேரே 0.141-ஆல் பெருக்கிவிடுவார்கள். முதலில் தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டும், 25.25 ஆண்டு வரும், அது பூமிக் கணக்கு. அதை 0.141-ஆல் பெருக்கினால் கலத்துக் கணக்கு, சுமார் 3.6 ஆண்டு. போய்த் திரும்ப பூமியில் ஐம்பதரை, கலத்தில் ஏழு. ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு முப்பது வயதில் கிளம்பிய அம்மா, முப்பத்தேழு வயதில் இறங்கிவந்து ஐம்பத்தைந்து வயதுப் பிள்ளையைப் பார்ப்பார்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியூவான் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, ஒளிவேகத்திலேயே வந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனாலும் ஏராளமான மியூவான்கள் தரைக்கு வந்து சேர்கின்றன, நம் பார்வையில் அவற்றின் கடிகாரம் அவ்வளவு மெதுவாக ஓடுகிறது.

நாம் செய்த கலங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. 2024 டிசம்பரில் சூரியனை உரசிப்போன நாசாவின் பார்க்கர் விண்கலத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 192 கிலோமீட்டர். அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்கப் போனாலும் வேகத்தால் மிச்சமாவது 0.018 நொடிதான் (சூரிய ஈர்ப்பாலும் கடிகாரம் மெதுவாகும், அது தனிக் கணக்கு).

அப்புறம் ஒன்று, கிளம்பிய நொடியிலேயே 0.99-ஐத் தொட முடியாது, உடம்பு தாங்காது. பூமியில் நாம் உணரும் எடை அளவுக்கே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய், பாதி வழியில் கலத்தைத் திருப்பி அதே அளவில் குறைத்துக்கொண்டே வேகாவில் நின்றால், ஒருவழிக்குக் கலத்தில் ஆறரை ஆண்டு, பூமியில் சுமார் 27.