தண்ணீர் போகும் வழியே ஒரு வார இறுதி: மேட்டூர் முதல் பூலாம்பட்டி வரை

சனி, ஞாயிறு விடுமுறை என்றால் சேலத்துக்காரர்களின் வண்டி ஏற்காட்டுப் பக்கம்தான் திரும்புகிறது. கணவனும் மனைவியும் அவசரமின்றிப் பேசிக்கொண்டே போவதற்கு, நெரிசலான அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைவிட மேற்கே காவிரிக் கரையோரச் சாலையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மேட்டூரில் தொடங்கி, தண்ணீர் போகும் திசையிலேயே பூலாம்பட்டிக்கு வந்து, எடப்பாடி, தாரமங்கலம் வழியாக வீடு திரும்புங்கள்.

எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். அணையில் நீர் போதுமான அளவு இருக்கும் ஆண்டுகளில், கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களுக்கு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கம் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை தண்ணீர் விடுவார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலம் அதை நம்பியிருக்கிறது. நெற்பயிர் தூர் கட்டி நிற்கும் அக்டோபரில் போவதையே நான் விரும்புவேன். ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் மேட்டூரில் பெருங்கூட்டம் கூடும் என்பதால், அமைதியை நாடுபவர்கள் அப்போது போக வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஓமலூர், மேச்சேரி வழியாகப் புறப்படுங்கள். இது மேட்டாங்காடு, நிலக்கடலையும் சோளமும் குச்சிக்கிழங்கும் விளையும் வானம் பார்த்த பூமி. செம்பழுப்பு நிற மேச்சேரி ஆடுகள் மந்தையாகச் சாலையைக் கடக்கும்போது, ஒலிப்பானை அழுத்தாமல் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். இந்த வறண்ட நிலத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டு போனால்தான், மறுநாள் கால்வாய்ப் பாசனத்தின் பச்சை எவ்வளவு பெரிய கொடை என்பது விளங்கும்.

புறப்படும் முன் அன்றைய நாளிதழில் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர் நிரம்பி உபரி வெளியேறும் நாளாக இருந்தால், 16 கண் மதகைப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். கோடையில் நீர்மட்டம் வெகுவாகச் சரிந்திருந்தால், கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பரிசல்துறைக்குப் போங்கள். அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் நீருக்கு மேலே தெரியும். ஒரு காலத்தில் ஊர் இருந்த இடம் அது என்று நினைத்துப் பார்த்தால் மனம் கனத்துவிடும். மதியம் அணைக்கு அருகே உள்ள மீன் கடைகளில், மீனையும் விலையையும் முதலில் பேசிக்கொண்டு, கண்ணெதிரே வறுத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள். இரவு மேட்டூரிலேயே தங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் பூலாம்பட்டிக்குக் கிளம்புங்கள். மின்னுற்பத்திக்காகக் கட்டிய கதவணைகள் நீரைத் தேக்கி வைப்பதால், இங்கே காவிரி ஓடுவதே தெரியாமல் ஏரிபோல் விரிந்து கிடக்கும். காரை இக்கரையில் நிறுத்திவிட்டு, ஊர்மக்களும் அவர்களுடைய இருசக்கர வாகனங்களும் ஏறும் விசைப்படகிலேயே ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய், அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். உயிர்காக்கும் அங்கியைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளுங்கள். உபரிநீர் அதிகம் வரும் நாட்களில் படகு ஓடாது. நீர் அசைவின்றித் தெரிகிறதே என்று ஆற்றில் இறங்கவே கூடாது. ஆழம் கண்ணுக்குத் தெரியாது, நீர்மட்டமும் திடீரென்று உயரும்.

அங்கிருந்து எடப்பாடி வரை மெதுவாகவே ஓட்டுங்கள். நெல்லும் கரும்பும் வாழையும் மாறி மாறி வரும் பாதை இது. எங்காவது நிற்க விரும்பினால், டிராக்டர் திரும்ப இடம்விட்டு ஓரமாக நிறுத்தி, வயலில் இருப்பவரிடம் கேட்ட பிறகே வரப்பில் கால் வையுங்கள்.

ஜலகண்டாபுரம் வழியாகத் தாரமங்கலத்துக்கு மாலையில் வந்து சேரும்படி நேரத்தை வகுத்துக்கொள்வது நல்லது. அங்குள்ள கைலாசநாதர் கோயில் மேற்கு நோக்கியது என்பதால், சாயும் வெயில் ராஜகோபுரத்தின் முகத்தில் நேராக விழும். உள்ளே ராமன் சிற்பத்தின் அருகே ஒருவரும் வாலி சிற்பத்தின் அருகே மற்றவரும் நில்லுங்கள். ராமன் இருக்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரியமாட்டான். பிறகு இடம் மாறி நின்று பாருங்கள்.