தபாலில் செராமா முட்டை வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

செராமா நம் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவான கோழி. உலகத்திலேயே சின்ன இனம் என்று பேர் வாங்கியது, பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. நல்ல ஜோடி வாங்கப் போனால் விலை எகிறும், அதனால் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் இருக்கிறவர்களுக்கு முட்டையை வாங்கி அடை வைத்துவிடலாமே என்று ஆசை வருவது சகஜம்தான். வாங்குங்கள். ஆனால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் சேவலின் படத்தைப் பார்த்து மயங்கிக் காசைப் போடாதீர்கள். செராமா நிறத்திலும் உருவத்திலும் தாய் தகப்பனை உரித்து வைக்கிற இனம் இல்லை, ஒரே ஈட்டில் நாலு விதக் குஞ்சு வரும்.

படத்தை விட முக்கியம், முட்டை இட்ட தேதி. ஏழு நாளைத் தாண்டிய முட்டையில் பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், பார்சல் வருகிற நாளும் அதில் சேர்த்தி. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: கிளந்தானில் வெள்ளி, சனி விடுமுறை, பேராக்கில் சனி, ஞாயிறு. வியாழக்கிழமை அனுப்பச் சொன்னால் அந்தப் பக்கம் ஒரு முடக்கம், இந்தப் பக்கம் ஒரு முடக்கம், நடுவில் முட்டை ஏதோ ஒரு கிடங்கில் வெந்துகொண்டிருக்கும். சுமார் 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, அப்புறம் வலுவிழந்து செத்துப்போகும்; நம் ஊர் மதிய வெயிலில் லாரிக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஞாயிறோ திங்களோ காலையில் அனுப்பச் சொல்லுங்கள்.

விலை மலிவு என்று தாய்லாந்திலிருந்து ஆள் வைத்து வரவழைக்கிற யோசனை வேண்டவே வேண்டாம். பெர்மிட் இல்லாமல் முட்டையை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம், பறவைக் காய்ச்சல் பயம் சும்மா இல்லை.

பார்சல் கைக்கு வந்ததும் அவசரப்பட்டு இன்குபேட்டரில் அடுக்காதீர்கள். கழுவாதீர்கள், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் போய்விட்டால் கிருமி நேரே உள்ளே போகும். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். கூர்முனை கீழே இருக்கும்படி அட்டைத் தட்டில் நிறுத்தி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். அகன்ற முனையில் காற்றறை தெரியும். முட்டையை லேசாகச் சாய்க்கும்போது அதன் விளிம்பு அசையாமல் நின்றால் நல்லது, நீர்க்குமிழி மாதிரி பக்கவாட்டில் ஓடினால் வழியில் நன்றாகக் குலுங்கியிருக்கிறது. அப்படிப்பட்டதைத் தூக்கி எறிய வேண்டாம், நிமிர்த்தியபடியே வைத்து முதல் சில நாள் திருப்பாமல் விட்டால் சிலது தேறும்.

பத்தாம் நாள் பார்த்துவிட்டுக் கூமுட்டை எல்லாவற்றுக்கும் விற்றவரைத் திட்டுவதும் சரியில்லை. கால் மிகக் குட்டையான சேவலையும் அதே மாதிரிப் பெட்டையையும் சேர்த்தால், அந்தக் குட்டைக்கால் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேருகிற கால்வாசிக் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். பெற்றோரில் ஒன்றாவது கொஞ்சம் கால் நீண்டதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், விஷயம் தெரிந்தவர் நேராகப் பதில் சொல்வார்.

கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி முட்டையோடு சேர்த்து அடை வைக்கிறவர்களுக்கு ஒன்று: அது பொரிக்க 21 நாள், செராமாவுக்கு 19, 20 நாளே போதும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் செராமா ஓட்டைக் கொத்துகிற நேரத்தில் மிஷின் இன்னும் முட்டையைத் திருப்பிக்கொண்டிருக்கும். கம்போங் முட்டையை ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்னாலேயே உள்ளே வைத்துவிடுங்கள்.