எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் சில நாள்

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் பெரிய வேலையே தண்ணி குடிக்கறதுதான், சிரிக்காதீங்க, வயிறு சின்னதாயிட்டதால மடக் மடக்னு குடிக்க முடியாது, 30 மில்லி கப் ஒண்ணு பக்கத்துலயே வச்சுகிட்டு கால் மணி நேரத்துக்கு ஒரு கப்னு கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுங்க, ஸ்ட்ரா வேணாம், காத்தும் சேந்து உள்ள போயிரும். தோள்பட்டை வலிச்சா பயந்துடாதீங்க, லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது சின்ன துளை வழியா கேமரா விட்டு பண்ற ஆபரேஷனுக்கு, வயித்துக்குள்ள அடிச்ச கேஸ் பண்ற வேலை அது, மெதுவா நடந்தா குறையும், கால்ல ரத்தம் கட்டாம இருக்கவும் அந்த நடை வேணும். வலிக்குதுன்னு ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைய நீங்களா போட்றாதீங்க, வயித்துல புண்ணாயிடும். நாடித்துடிப்பு 120-க்கு மேலயே நின்னா, இல்ல ஜுரம், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீக்கம்னா காலையில பாத்துக்கலாம்னு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.