பிளஸ் ஒன் இயற்கணிதத்துக்கு இந்தக் கோடையில் தயாராவது எப்படி?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பலர் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி, முதல் பாடத்திலிருந்தே படிக்கத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அந்த அவசரம் வேண்டாம். பிளஸ் ஒன்னில் திணறுபவர்களில் பலருக்குப் புதுப் பாடம் புரியத்தான் செய்கிறது. கணக்கின் நடுவே வரும் காரணிப்படுத்தலிலும் கூட்டல், கழித்தல் குறியிலும்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் 9, 10-ஆம் வகுப்பு இயற்கணிதப் பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் கையில் இல்லையென்றால் தமிழ்நாடு பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டுக் கணக்குகளின் விடையைத் தாளால் மறைத்துவிட்டு நீங்களே போடுங்கள். படித்துப் பார்ப்பது பயிற்சி ஆகாது.

அடுத்தது காரணிப்படுத்தல். 6x² − 7x − 3 என்று வைத்துக்கொள்வோம். 6-ஐயும் −3-ஐயும் பெருக்கினால் −18. பெருக்கினால் −18, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்கள் −9, 2. ஆகவே 6x² − 9x + 2x − 3, அதாவது (3x + 1)(2x − 3). யோசிக்காமல் கை இதைப் போடும்வரை தினமும் சில கணக்குகள் போடுங்கள்.

அப்புறம் அசமன்பாடுகள், அதாவது = குறிக்குப் பதில் < அல்லது > குறி வரும் கணக்குகள். இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்கச் சொல்வேன், ஏனென்றால் சமன்பாட்டுப் பழக்கம் இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும். 1/x < 2 என்ற கணக்கைப் பாருங்கள். இரு பக்கமும் x-ஆல் பெருக்கி, x > 1/2 என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் x = −1 போட்டுப் பாருங்கள்: −1 < 2, சரியாகத்தானே இருக்கிறது? x குறை எண்ணாக இருந்தால் பெருக்கும்போது < குறி > ஆகத் திரும்பிவிடும். x மிகையா குறையா என்று தெரியாதபோது பெருக்கவே கூடாது.

சரி, எப்படிப் போடுவது? எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால் (1 − 2x)/x < 0. தொகுதி 1/2-இல் பூச்சியமாகிறது, பகுதி 0-வில். எண்கோட்டில் இந்த இரண்டையும் குறித்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும். துண்டுக்கு ஓர் எண்ணாகப் போட்டுப் பாருங்கள். −1 போட்டால் −3. 1/4 போட்டால் 2. 1 போட்டால் −1. குறை எண் வந்த துண்டுகளே விடை: x < 0 அல்லது x > 1/2.

இவ்வளவு கைவந்த பிறகு பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கலாம். இரண்டாவது பாடம் அடிப்படை இயற்கணிதம். அதில் பகுதி பின்னங்களை மட்டும் தொட்டுப் பாருங்கள். 1/(x − 3) − 1/(x − 2) என்பதைச் சுருக்கினால் 1/((x − 2)(x − 3)) வரும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிப் போய், முதலில் இருந்த இரண்டு பின்னங்களைக் கண்டுபிடிப்பதுதான் பகுதி பின்னங்கள். அதே பாடத்தில் வரும் மடக்கைக்கு (log) அடுக்குக்குறி விதிகளை ஒருமுறை புரட்டினால் போதும், மீதியை ஜூனில் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.