நடுமூளை வகுப்புக்குக் காசு கட்டும் முன்

பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா கேட்டார்: "மகனுக்கு நடுமூளையைத் தூண்டும் வகுப்பாம், சேர்க்கலாமா தம்பி?" கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைப்பார்களாம். காசை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூக்கோரத்து இடுக்கு வழியாகத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அதை நன்றாக அடைத்துவிட்டால் வித்தை நின்றுவிடும்.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்பகுதி. அது யாரும் தூண்டாமலே வேலை செய்கிறது. சுமார் 2 செ.மீ. நீளம்தான். வீட்டிலேயே சோதிக்கலாம். மங்கலான அறையில் பிள்ளையைத் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கைபேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணில் ஒரு நொடி மட்டும் காட்டுங்கள். கண்மணி, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம், சுருங்கும். வெளிச்சம் படாத மற்ற கண்மணியும் கூடவே சுருங்கும்! நம் கருவிழிகளில் அதைப் பார்க்கக் கொஞ்சம் உற்று நோக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கண்ணின் செய்தியை நடுமூளை இரு பக்கமும் பிரித்து, மூன்றாம் மூளை நரம்பு வழியாக இரண்டு கண்களுக்கும் அனுப்புகிறது.

அப்புறம், மாமாக் கடையில் தட்டு விழுந்தால் எல்லாத் தலையும் திரும்புகிறதே, அதிலும் நடுமூளைக்குப் பங்குண்டு. அதன் பின்புறம் நான்கு சின்ன மேடுகள். கீழ் இரண்டும் சத்தத்தைக் கவனிக்கும், மேல் இரண்டும் கண்ணையும் தலையையும் அந்தப் பக்கம் திருப்பும்.

ஒன்று மட்டும்: கடும் தலைவலியோடு ஒரு கண்மணி திடீரென்று பெரிதாகிவிட்டால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.