ஜேட் வாங்கும்போது விலையில் ஏமாறும் இடங்கள்

ஜேட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். கையில் இருப்பது என்ன கல் என்று கேட்பதில்லை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஜேடைட், நெப்ரைட் என்ற இரண்டு வேறு கனிமங்களும் ஜேட் என்ற ஒரே பெயரில்தான் விற்கின்றன. 1863-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் டமூர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து வரும் உயர்ரக ஜேடைட்டின் விலையை நெப்ரைட்டுக்குக் கொடுத்தால் நஷ்டம்தான். ‘இந்திய ஜேட்’ என்று விற்பது அவெஞ்சுரின் என்ற வேறு கல். ‘மலேசிய ஜேட்’ சாயமேற்றிய குவார்ட்ஸ் என்ற படிகக்கல். இரண்டும் ஜேடே அல்ல.

சரி, உண்மையான ஜேடைட் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? விலையைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி இதுதான். மெழுகு மட்டும் பூசியது ‘ஏ’ வகை. அமிலத்தில் ஊறவைத்துக் கறையை நீக்கி, உள்ளே பிசின் ஏற்றியது ‘பி’. சாயம் ஏற்றியது ‘சி’. பி வகை புதிதில் பளிச்சென்று இருக்கும். நாளாக ஆக மங்கவோ மஞ்சளிக்கவோ செய்யலாம். ‘ஏ’ என்று கேட்டதும் முதல்தரம் என நினைத்துவிடாதீர்கள். அது தரக்குறியீடு அல்ல. மங்கலான, விரிசல் விட்ட ஏ வகைக் கல்லும் உண்டு. அதற்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

தங்கத்தைப் போல கிராமுக்கு இவ்வளவு என்ற விலை ஜேடுக்குக் கிடையாது. நிறம் எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது, ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது, கல்லுக்குள் இருக்கும் படிகத் துகள்கள் எவ்வளவு நுண்மையாக இருக்கின்றன என்பதையெல்லாம் சேர்த்துத்தான் விலை. கடை விளக்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பின்பக்கம் மூடிய நகையென்றால் கல் குடைந்து மெல்லியதாக்கப்பட்டிருக்கிறதா என்பதே தெரியாது.

அப்புறம், உண்மையான ஜேட்தானா என்று கண்ணாடியில் கீறிப் பார்ப்பது. குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். தொட்டால் சில்லென்று இருப்பதும் ஆதாரமாகாது, கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும். பிசின் ஏறியிருக்கிறதா என்பதை அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைதான் நிச்சயமாகச் சொல்லும். அதனால் பெரிய தொகை என்றால், கடைக்குத் தொடர்பில்லாத ஆய்வகத்தின் சான்றிதழ் கேளுங்கள். அதிலுள்ள எடை, அளவு, படம் மூன்றும் இந்தக் கல்லோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். சான்றிதழ் இல்லையென்றால், பரிசோதனையில் வேறு வகை எனத் தெரிந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் பேரம் பேசுவதில் பயனில்லை.